புளித்தது வேறு, ஊசியது வேறு!

நாவறிவோம் – வாரத் தொடர்

சித்திரை மாதத்தில் காலை பத்து மணிக்கே மணப்பாறையில் வெயில் மண்டையைப் பிளக்கும். பேருந்து நிலையம் பக்கத்துக் கூழ் வண்டியில் நல்ல கூட்டம். பானையில் கம்பங்கூழ், தூக்குவாளியில் மோர், தட்டுகளில் சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல். வாடிக்கையாக வரும் ஒருவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்கிறார்.

“என்னக்கா, இன்னிக்குக் கூழு சப்புனு இருக்கு? புளிப்பே ஏறலையே!”

“நேத்து ராத்திரி மழை பேஞ்சு காத்து குளுந்துபோச்சுல்ல தம்பி. அதான். நாளைக்கு வா, சரியா இருக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. அவர் மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். ஆனால், அந்த இரண்டு வரிப் பேச்சில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. கூழைப் புளிக்க வைப்பது அந்த அக்கா இல்லை. காற்றும் பானையும் வெயிலும்தான். அவர் செய்வதெல்லாம், கரைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பது; புளிப்பு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நாக்கால் அறிவது.

ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு அப்பால், பெல்ஜியம் நாட்டின் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலும் இதே பேச்சைக் கேட்கலாம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே, “நேற்று ராத்திரி குளிர் போதவில்லை, அதனால் சரியாக வராது” என்பார்கள். அவர்கள் பேசுவது கூழைப் பற்றி அல்ல; ‘லாம்பிக்’ என்ற புளிப்பு பீரைப் பற்றி. உலகத்துச் சுவைப் பிரியர்கள் விமானம் ஏறிப்போய் வரிசையில் நின்று ருசிக்கும் பானம் அது.

குடும்பப் பத்திரிகையில் பீர் பேச்சு எதற்கு என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். மது வீட்டுக்கும் உடலுக்கும் கேடு என்பதில் இங்கே மறுபேச்சு இல்லை. இந்த வாரப் பேச்சு புளிப்பைப் பற்றியது. நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடக்கிற அதே வேலையை, இன்னொரு நாட்டுக்காரர்கள் எப்படி மதித்துக் காப்பாற்றினார்கள் என்பதைப் பற்றியது.

காற்றுக்குத் திறந்த தட்டு

நாம் அறிந்த சாதாரண பீரில், ஆலையில் வளர்த்த ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள். லாம்பிக்கில் யாரும் எதையும் போடுவதில்லை.

முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, முளைகட்டாத கோதுமையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கரைத்து, பல மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பு நீங்கிய பழைய ஹாப்ஸ் பூக்களை அதில் போடுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் வைத்துப் பழசாக்கிய பூக்கள் அவை. கெடாமல் காப்பதுதான் அவற்றின் வேலை, கசப்பு தேவையில்லை.

கொதித்த சாற்றை மாடியில் இருக்கும் ஒரு பெரிய தட்டில் ஊற்றுகிறார்கள். உயரம் குறைந்த, அகன்ற செப்புத் தட்டு. சுவரில் காற்று வருவதற்கான திறப்புகள். ராத்திரி முழுக்கச் சாறு அப்படியே ஆறிக்கொண்டு கிடக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களும், அந்தக் கட்டடத்தின் உத்தரத்திலும் ஓட்டிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அதில் வந்து இறங்கும். விடிந்ததும் மரப்பீப்பாய்க்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அது ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம்கூட இருக்கும்.

இதைக் கோடையில் செய்ய மாட்டார்கள். வெப்பம் கூடினால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். ராத்திரியில் நல்ல குளிர் இருந்தால் உத்தமம் என்பது அவர்கள் கணக்கு. பூமி சூடாகச் சூடாக, அப்படிப்பட்ட ராத்திரிகள் குறைந்துவருவது அவர்களுக்கு இப்போது பெருங்கவலை.

பிரஸ்ஸல்ஸ் நகரின் அண்டர்லெக்ட் பகுதியில், 1900-இல் தொடங்கிய ‘கான்டியோன்’ என்ற குடும்ப ஆலை இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே போனால் பீப்பாய்களுக்கு நடுவே நூலாம்படை தொங்கும். துடைக்க மாட்டார்கள். பழ ஈக்களைச் சிலந்திதான் பிடிக்கிறது, அதனால் சிலந்தியைத் தொடக் கூடாது என்பது ஆலை விதி!

அந்தச் சென் நதிப் பள்ளத்தாக்கின் காற்றில்தான் இந்த ருசி வரும் என்று அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். மணப்பாறைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ‘இந்த முறுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரில்தான் வரும்’ என்று அவர்கள் சொல்லிச் சொல்லியே ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டதே! லேசாக உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரும், இரண்டு தடவை எண்ணெயில் போட்டு எடுக்கும் பக்குவமும் சேர்ந்த முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரின் தண்ணீர் ருசியாகும் என்றால், ஊரின் காற்றும் ருசியாகத்தானே வேண்டும்?

தொழுவ வாசம்தான் தரச்சான்று

பீப்பாய்க்குள் நடப்பது ஒரு தொடர் ஓட்டம். முதல் சில வாரம் குடல்வகைப் பாக்டீரியாக்கள் ஆடும். பிறகு சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் எழும். சில மாதம் கழித்து, தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா வரும். கடைசியாக ‘பிரெட்டனோமைசிஸ்’ என்ற காட்டு ஈஸ்ட். இதை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாசன் என்ற அறிவியலாளர் 1904-இல் விவரித்தார். லாம்பிக்கின் தனி வாசனைக்குக் காரணம் இதுதான்.

அந்த வாசனை என்ன தெரியுமா? ருசி பார்ப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்: ஈர வைக்கோல், குதிரை மேல் போர்த்திய கம்பளி, மாட்டுத் தொழுவம், எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். ஐரோப்பிய நகரவாசிகள் இந்தச் சொற்களைப் பிடிக்க மிகவும் மெனக்கெடுகிறார்கள். மணப்பாறை மாட்டுச்சந்தைப் பக்கம் ஒரு நடை நடந்தவர்களுக்கு அந்த வாசனையில் பாதியாவது முன்பே தெரிந்திருக்கும்!

ஒரு வருட லாம்பிக், இரண்டு வருடம், மூன்று வருடம் என மூன்றையும் கலந்து பாட்டிலில் அடைப்பதற்குப் பெயர் ‘கூஸ்’. இளசில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை மிச்சம் இருக்கும். அது பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையை உண்டாக்கும். பழசு ஆழத்தைக் கொடுக்கும். எந்தப் பீப்பாயில் எவ்வளவு எடுப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கலப்பவரின் நாக்குதான் அளவுகோல். புளிப்புச் செர்ரிப் பழத்தைப் பீப்பாயில் ஊறவைத்தால் அது ‘கிரீக்’.

அதை ருசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு மோந்து பார்க்க வேண்டும். முதல் மடக்கை வைத்து முடிவு சொல்லவே கூடாது. முதல் மடக்கில் புளிப்பு நாக்கை அறையும், வேறொன்றும் தெரியாது. இரண்டாவது மடக்கில் நாக்கு சமாதானமாகும். மூன்றாவதில்தான் புளிப்புக்குப் பின்னால் இருப்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். புளிப்பிலும் தயிர்ப் புளிப்பு வேறு, வினிகர் புளிப்பு வேறு. முதலாவது உருண்டையாக நாக்கு முழுக்கப் பரவும். இரண்டாவது கூராக மூக்கில் ஏறும். நல்ல கூஸில் முதலாவது தலைமை தாங்கும், இரண்டாவது கொஞ்சமாக எட்டிப் பார்க்கும்.

இந்தக் கடைசி வரியை நம் கூழ் வண்டி அக்காவிடம் சொன்னால், ‘இதுல என்ன அதிசயம்?’ என்று கேட்பார்.

சங்கப் பாட்டில் ஒரு தட்டு

பெல்ஜியத்தின் அகன்ற தட்டைப் பற்றிப் படிக்கும்போது தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வரலாம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, 500 அடிகள். காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு, வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்.

அதில் வலைஞர் குடியிருப்பு வரும் இடத்தில், ஒரு பானம் செய்யும் முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயை உடைய தட்டுப் பாத்திரத்தில் கொட்டி ஆறவிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் பிழா. புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போலத் தோற்றம் கொண்ட ஒரு பொருளை அதில் பிசைந்து சேர்க்கிறார்கள். முளைத்த நெல்லை இடித்துச் சேர்ப்பது என்று அதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. பிறகு, உறுதியான வாய் கொண்ட சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. அப்புறம் விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தால் பானம் தயார். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

தானியம், முளைகட்டிய தானியம், அகன்ற தட்டில் ஆறவிடுதல், பிறகு சாடி. வேலையின் வரிசை லாம்பிக்குக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாளில் முடிவது, அவர்கள் ஊர்க் குளிரில் இரண்டு வருடம் ஆகிறது. தானாக நொதிக்கும் அரிசிக் களியில் புளிப்பு ஏறாமல் இருந்திருக்காது.

இன்று அந்தப் பானம் நம்மிடம் இல்லை. செய்முறை பாட்டில் இருக்கிறது. செய்யும் கை இல்லை.

பனங்கள்ளும் தென்னங்கள்ளும் இதே வகைதான். பாளையிலிருந்து இறங்கும் சாறு கலயத்தில் விழுந்த நிமிடமே காற்றில் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மதியம் புளிப்பு, மறுநாள் காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர் வளராது, அதுதான் பதநீர். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அது தேவையா, தேவையில்லையா என்ற வாதம் விவசாய அமைப்புகள் போராட்டம் நடத்தும் ஒவ்வொரு முறையும் எழுந்து அடங்குகிறது. கேரளத்திலும் இலங்கையிலும் கள் சட்டப்படி விற்கப்படுகிறது. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் சரி, புளிப்பின் படிகளை நாக்கால் பிரித்து அறிந்த ஒரு தொழில் அறிவு, அதை வைத்திருந்தவர்களோடு மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

அப்படியானால் நம்மிடம் மிச்சம் இருப்பது என்ன? நிறைய இருக்கிறது. அதுவும் மது இல்லாமல், எல்லா வயதினருக்கும் ஆகிற வகையில்.

ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆலை

இட்லி மாவில் யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? யாரும் இல்லை. அரிசியையும் உளுந்தையும் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைக்கிறோம். உளுந்தோடும் அரிசியோடும் வந்த பாக்டீரியாக்கள், முக்கியமாக ‘லூகோனாஸ்டாக்’ என்ற வகை, மாவைப் பொங்கவும் புளிக்கவும் வைக்கின்றன. பீப்பாய்க்குள் நடக்கும் தொடர் ஓட்டத்தின் குட்டி வடிவம் இது. மார்கழியில் மாவு பொங்க மறுப்பதும், அக்னி நட்சத்திரத்தில் நாலு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிவதும் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை.

ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழும் முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்ததுதான். சமயபுரத்து அம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் 28 நாட்களில் நைவேத்தியமாகும் பொருட்களில் நீர்மோரும் ஒன்று. அம்மனே புளிப்பை ஏற்றுக்கொள்ளும் மாவட்டம் இது!

இவை எல்லாவற்றிலும் எளியது நீராகாரம். சில வீடுகளில் நீச்சத்தண்ணி. ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் அது தானே தயாராக இருக்கும். அந்தத் தண்ணீரும் ஒரு வகையில் காற்றும் பானையும் செய்த பானம்தான். பல வருடம் பழகிய மண்பானையின் துளைகளில் நுண்ணுயிர்கள் தங்கியிருக்கும். புதுப் பானையில் முதல் வாரம் நீராகாரம் சரியாகப் புளிக்காது என்று பாட்டிகள் சொல்வதன் காரணம் அதுதான். பெல்ஜியத்துக்காரர்கள் தங்கள் பழைய பீப்பாய்களை விட மறுப்பதற்கும் அதுவே காரணம்.

ஆத்தாளின் மூக்கு

இங்கேதான் தமிழின் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘சோறு புளிச்சிருக்கு’ என்றால் ஒரு பொருள். ‘சோறு ஊசிப்போச்சு’ என்றால் வேறு பொருள். முதலாவது சாப்பாடு, இரண்டாவது குப்பை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியில், இரண்டையும் பிரித்து அறியும் மூக்கும் இருந்திருக்கிறது. பழைய பானையைத் திறந்து ஒரு நொடி மோந்துவிட்டு, “இது ஆகும், இது ஆகாது” என்று சொல்லும் ஆத்தாக்கள் எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் படித்ததில்லை.

அறிவியலும் அவர்களோடு ஒத்துப்போகிறது. லாக்டிக் அமிலம் வேகமாக ஏறினால், கெடுக்கும் கிருமிகளால் வளர முடியாது. புளிப்புதான் காவல்காரன். ஆனால், தண்ணீர் ஊற்றாமல் சூட்டோடு சோற்றை மணிக்கணக்கில் மூடி வைத்தால் கதை வேறு. ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா முந்திக்கொண்டு நஞ்சை உண்டாக்கிவிடும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால்தான் சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றுவது, கை படாமல் கரண்டியால் எடுப்பது, மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுவது என்ற வீட்டு விதிகள் வந்தன. சோறு கொழகொழத்தாலோ, நூல் விட்டாலோ, மூக்கைத் திருப்ப வைக்கும் வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். கைக்குழந்தைகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பழையதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நூல் விடுவது என்றதும் ஒரு வேடிக்கை. லாம்பிக்கும் பீப்பாயில் ஒரு கட்டத்தில் எண்ணெய் மாதிரி கெட்டியாகி நூல் விடும். ‘பீருக்கு உடம்பு சரியில்லை’ என்பார்கள். கொட்ட மாட்டார்கள். சில மாதம் பொறுத்தால், அந்தக் காட்டு ஈஸ்ட் வந்து அதைச் சரிசெய்துவிடும். எங்கே பொறுப்பது, எங்கே கொட்டுவது என்பதை அவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் கற்றிருக்கிறார்கள். புத்தகம் பின்னால் வந்தது.

அவமானமும் பெருமையும்

லாம்பிக்கும் எப்போதும் கொண்டாடப்பட்டதில்லை. அது கிராமத்துக் குடியானவர்களின் பானம். 20-ஆம் நூற்றாண்டில் கோலாவும், தெளிவான கசப்பு பீரும், இனிப்பு சேர்த்த பாட்டில்களும் வந்ததும் புளிப்பு ‘பழங்காலத்து வாடை’ ஆகிவிட்டது. உணவகங்களில் வாடிக்கையாளருக்குச் சர்க்கரைக் கட்டியையும், அதை நசுக்கிக் கலக்க ஒரு சிறு மத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். புளிப்பு தாங்காதவர்களுக்காக! ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் மூடின. நூற்றாண்டு முடியும்போது பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் பழைய முறையில் லாம்பிக் காய்ச்சிக்கொண்டிருந்தது கான்டியோன் மட்டும்தான்.

அந்த ஆலையை நடத்திய ஜான் பியர் வான் ராய் 1978-இல் ஒரு காரியம் செய்தார். இயங்கும் ஆலையையே அருங்காட்சியகமாகத் திறந்தார். வாங்கக் கூப்பிடும் முன் பார்க்கக் கூப்பிட்டார். செப்புத் தட்டையும் பீப்பாயையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் புளிப்பு குறையாகத் தெரியவில்லை, உழைப்பாகத் தெரிந்தது. 1997-இல் லாம்பிக், கூஸ் ஆகியவற்றின் பாரம்பரியச் செய்முறைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு கிடைத்தது. 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இடறல்களும் இருந்தன. பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பீர்செல் ஊரில் ‘த்ரீ ஃபொன்டைனன்’ என்ற ஆலை. 2009 மே மாதம் அங்கே கிடங்கின் வெப்பக் கருவி பழுதாகி, உள்ளே சூடு ஏறிவிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன. பல்லாயிரம் பாட்டில்கள் வீணாயின. ஆலையின் தலைவர் அர்மான்ட் டெபெல்டர் தலையில் கைவைத்து உட்காரவில்லை. வீணான பீரைக் காய்ச்சி வடித்து வேறொரு பானமாக்கி விற்றுத் தாக்குப்பிடித்தார். சில வருடம் கழித்து ஆலை மறுபடி சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில், “காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால் ‘பழைய சோறு’ என்று சொல்லக் கூசிய பிள்ளைகள் எத்தனை பேர்! வயலுக்குப் போனவர்களின் சாப்பாடு, இல்லாதவர்களின் சாப்பாடு என்ற முத்திரை அதன் மேல் ஆழமாக விழுந்துவிட்டது. விருந்தாளி வந்தால் பழைய பானையை மறைத்தார்கள். படித்து, வேலைக்குப் போய், குளிர்பெட்டி வாங்கிய பிறகு பானையே போய்விட்டது. இன்று மிஞ்சிய சோறு டப்பாவில் குளிர்பெட்டிக்குப் போகிறது. நாலு நாள் கழித்துக் குப்பைக்குப் போகிறது. மாவு பாக்கெட்டில் வருகிறது. புளிக்கத் தொடங்கினாலே ‘கெட்டுப்போச்சு’ என்கிறார்கள் பிள்ளைகள்.

இந்த ஒரு சொல்தான் கவலைக்குரியது. ‘புளிச்சுப்போச்சு’ என்ற இடத்தில் ‘கெட்டுப்போச்சு’ வந்து உட்கார்ந்துவிட்டால், இரண்டையும் பிரித்து அறியும் மூக்கு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. செய்முறையை எழுதி வைக்கலாம். காணொளியும் எடுத்து வைக்கலாம். மோந்து பார்த்துச் சொல்லும் அறிவை மட்டும், பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்க முடியும்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவு உதவும் என்று ஆராய்ச்சி தொடங்கினார்கள். நகரத்து உணவகங்கள் சிலவற்றில் மண்சட்டியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் மறைத்து வைத்த பானை, இப்போது பட்டியலில் முதல் வரிசையில்!

நீங்களும் ருசித்துப் பாருங்கள்

கூஸை ருசிக்கும் அதே முறையில் நீராகாரத்தை ருசித்துப் பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் இன்னும் நல்லது.

• ராத்திரி: சோறு ஆறியதும் மண்சட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். முடிந்தால் எவர்சில்வர் பாத்திரத்திலும் கொஞ்சம் வையுங்கள். இரண்டுக்கும் ருசி வேறுபாடு தெரியும்.

• காலை, முதலில் கண்: தண்ணீர் லேசாக வெளுத்து, சோற்றுப் பருக்கை உடையாமல் பூத்திருந்தால் சரி. கரையில் சின்னக் குமிழ்கள் நின்றால் நல்ல அடையாளம்.

• அடுத்து மூக்கு: இளம் மோர் வாசம், அரிசி களைந்த தண்ணீர் வாசம், மண்சட்டியின் வாசம். மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். மூக்கு சந்தேகப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

• பிறகு நாக்கு: உப்புப் போடாமல் முதல் மடக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டாவது மடக்கை வாயில் கொஞ்சம் நிறுத்துங்கள். புளிப்பு நாக்கில் பரவுவது தெரியும். விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் மெல்லிய இனிப்பு எழும். அதுவரை காத்திருங்கள்.

• கடைசியாகத் துணை: ஒரு கல் உப்பு, கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். இப்போது மறுபடி ஒரு மடக்கு. உப்பு புளிப்பை அடக்குவதையும், வெங்காயம் அதைத் தூக்குவதையும் கவனியுங்கள்.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது தயிர்ப் புளிப்பா, புளியம்பழப் புளிப்பா, எலுமிச்சைப் புளிப்பா?” சரியான பதில் வருகிறதா என்பது முக்கியமில்லை. புளிப்பில் வகை உண்டு என்று அந்த நாக்குக்குத் தெரிந்துவிட்டால் போதும். மிச்சத்தை அது தானே தேடிக்கொள்ளும்.

‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பது நம் பழமொழி. நேரம் கடந்துவிட்டால் மதிப்பில்லை என்று சொல்வதற்கு அதை எடுப்போம். கஞ்சி விஷயத்தில் மட்டும் அது அவ்வளவு பொருந்தவில்லை. ஆறிய பிறகுதான் அந்தக் கஞ்சிக்கு அடுத்த வாழ்க்கையே தொடங்குகிறது.

மறுநாள் காலை. மணப்பாறையில் மழை விட்டு, வெயில் பழையபடி காய்கிறது. அதே வாடிக்கையாளர் வண்டிக்கு வந்து ஒரு சொம்பு வாங்கிக் குடிக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. காலிச் சொம்பை நீட்டுகிறார்.

“இன்னும் ஒண்ணு ஊத்துங்கக்கா.”